வயர்மேன் சான்றிதழ் எடுப்பது எப்படி?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வயர் இழுக்கத் தெரிந்த தம்பிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட வேறு ஆளைத் தேடி ஓடுவார்கள். முதல் தாள் மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, அடுத்தது சோதித்ததற்கு. அந்தக் கையெழுத்துக்கான தகுதியைத் தீபகற்பத்தில் தருவது சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம். 1990 மின்விநியோகச் சட்டமும் 1994 மின்சார விதிமுறைகளும் அதற்கு அடிப்படை.

முதலில், எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள். வீட்டு வயரிங் என்றால் பெண்டாவாய், நம் வாயில் வயர்மேன். ஒரு ஃபேஸ் (230 வோல்ட்), மூன்று ஃபேஸ் (400 வோல்ட்) தனித்தனி. செம்பனை மில்லின் மின் சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேனுக்குச் சான்றிதழே வேறு. புதியவர்கள் ஒரு ஃபேஸில் தொடங்கினால் போதும்.

அப்புறம் பயிற்சி நிலையம். பணம் கட்டுமுன் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று ஆணையத்திடமே கேளுங்கள். விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம். வேலை அனுபவம் இருந்தால் முதலாளியிடம் இப்போதே கடிதம் வாங்கி வையுங்கள். தோட்டம் கைமாறிய பிறகு அலைய முடியாது.

தேர்வில் எழுத்து, செய்முறை, வாய்மொழி என்று மூன்றும் உண்டு. செய்முறையில் பலர் சறுக்குவது, வயரின் உறை வழியே கசிவு உண்டா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனையில். மெயினை அடைத்து, பல்புகளைக் கழற்றி, சுவிட்சுகளை எல்லாம் ஆன் செய்து, அப்புறம்தான் 500 வோல்ட் டிசி டெஸ்டரை வைக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் எங்கோ கசிவு. பல்பைக் கழற்ற மறந்து லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்தால் முள் தரையில் கிடக்கும். வயர் நன்றாகத்தான் இருக்கும், நீங்கள் அளந்தது பல்பை!

வாய்மொழியில் 'ஏன்' என்று கேட்பார்கள். வாட்டர் ஹீட்டருக்கு ஏன் 10 மில்லிஆம்ப் ஆர்சிடி (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி)? ஈர உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் சிறு கசிவிலேயே துண்டிக்க வேண்டும். இதை மலாயிலும் சொல்லிப் பழகுங்கள். 'எர்த்' என்றே பேசிப் பழகியவர்களுக்குப் 'பெம்புமியான்' சட்டென்று வாயில் வராது.

தேறிய பின் விண்ணப்பித்துச் சான்றிதழ் கைக்கு வந்ததும், சோதனை செய்யும் அனுமதி அதில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் போராங் எச்சுக்கு இன்னும் வேறு ஆள்தான். சொந்தமாகக் குத்தகை எடுக்க நினைத்தால் அதற்குப் பதிவு தனி.