குமட்டலைத் தாண்டி சிகரெட்டை விட்டேன்: என் அனுபவம்

சிகரெட்டைக் கைவிட எனக்கு மருத்துவர் எழுதித் தந்தது வரெனிக்லின் என்ற மாத்திரை. மூளையில் நிக்கோடின் போய் ஒட்டும் இடங்களை இது பிடித்துக்கொள்கிறது. அதனால் ஏக்கம் தணிகிறது. புகைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை என மொத்தம் 12 வாரம். முதல் வாரம் முடிந்ததும் புகையை நிறுத்த வேண்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது குமட்டல்தான். வயிறு நிறைய இட்லி சாப்பிட்டு, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கத் தொடங்கியதும் அது அடங்கியது. இரவில் வந்த விசித்திரக் கனவுகளுக்காக, மருத்துவரிடம் கேட்டு இரண்டாவது மாத்திரையைச் சற்று முன்னதாகவே எடுத்துக்கொண்டேன்; நல்ல தூக்கம் வந்தது.

சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, மனச்சோர்வு இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மனநிலை திடீரென மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைக்கச் சொன்னார் மருத்துவர். இதை என் மனைவியிடமும் சொல்லிவைத்தேன். அத்தகைய மாற்றம் உடன் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

பலர் கவனிக்காத ஒன்று: புகை, சில மருந்துகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் தியோபிலின் (ஆஸ்துமா மருந்து), குளோசபின் (மனநோய் மருந்து) போன்றவை ரத்தத்தில் கூடலாம். ஆகவே சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏக்கம் மிகும்போது பேச, இந்தியாவில் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது.