மர ரேகையில் உருவம் பிடிப்பது எப்படி

கோகோபோலோ என்ற மரத்தின் கட்டை ஒன்றைக் கிண்ணமாகக் கடைந்துகொண்டிருந்தேன். பாதி வேலையில் கட்டையைச் சுழற்றும் லேத்தை நிறுத்திப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கண், நடுவில் அலகு, எல்லாம் அச்சு அசல். சுவர் இன்னும் தடியாக இருக்கிறதே என்று ரெண்டு மில்லிமீட்டர் எடுத்தேன், ஆந்தை பறந்துவிட்டது. ரேகை என்பது கட்டையின் மேல் ஒட்டிய படம் இல்லை, ஆழம் மாற மாற அதுவும் மாறும் என்பது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

மேகத்தில் யானை தெரிவதும் இதுவும் ஒரே சங்கதி, பரைடோலியா என்பார்கள். முகம் என்றால் மூளைக்கு அவ்வளவு ஆசை. ரெண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் கிடைத்தால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்து மலைகளையும் போர்க்காட்சிகளையும் தேடிப் பழகுங்கள் என்று லியனார்டோ டா வின்சியே ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் கட்டையில் முழு உருவத்தைத் தேடாதீர்கள். முதலில் கண்ணைத் தேடுங்கள்.

கண் கிடைக்கும் இடம் கணு. கணு என்பது மரத்துக்குள் புதைந்த கிளையின் அடி; மரத்தின் மையத்தில் கூர்மையாகத் தொடங்கி வெளியே வர வர அகலும் கூம்பு. மையத்தை நோக்கிக் கடையக் கடையக் கண் சுருங்கும், பட்டையை நோக்கிப் போனால் விரியும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் எப்போது நிறுத்துவது என்று ஓரளவு கணிக்கலாம். மரத்தில் கட்டி போலப் புடைக்கும் முண்டுகளில், அம்போய்னா என்ற மரத்தின் முண்டு மாதிரி, குட்டிக் கண்கள் கூட்டமாக இருக்கும். குறுக்காக வெட்டினால் வட்டப் புள்ளிகள், அவற்றின் நீளவாக்கில் வெட்டினால் முள் முள்ளாகக் கீற்றுகள். முகம் வேண்டுமானால் குறுக்கு வெட்டுதான்.

நிலக்காட்சி வேண்டுமானால் ஜிரிகோட்டே. மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், கருங்கோடுகள் சிலந்தி வலை போலவோ மலைத்தொடர் போலவோ ஓடும். பூஞ்சை ஏறிய மேப்பிள் இன்னொரு ரகம்: பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எல்லை கட்டும் இடத்தில் பேனாவால் இழுத்தது போல மெல்லிய கருப்புக் கோடு விழும், பறவையும் வரைபடமும் அதில்தான் அதிகம் மாட்டும். ஜீப்ரானோ என்ற வரி மரம் பார்க்க அழகு, ஆனால் ஆரவாக்கில், அதாவது மையத்திலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தது என்றால் வெறும் நேர்கோடுகள்தான். உருவத்துக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

கட்டையை லேத்தில் ஏற்றுவதற்கு முன் மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைப்பான்) நனைத்த துணியால் ஒரு துடை துடையுங்கள். மெருகு போட்டால் எப்படி இருக்கும் என்பது சில நிமிடம் தெரியும். தண்ணீரும் காட்டிக்கொடுக்கும், ஆனால் இழை சிலிர்த்துக்கொள்ளும். ஒரு அட்டையில் வட்ட ஓட்டை போட்டு, அதைக் கட்டையின் மேல் நகர்த்திப் பாருங்கள். சுற்றியுள்ள இரைச்சல் மறைந்து, ஓட்டைக்குள் இருப்பது மட்டும் பேசும். தூரத்திலிருந்து பாருங்கள், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், தலைகீழாகத் திருப்புங்கள். போனில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால், நிறம் ஏமாற்றிய இடங்கள் பிடிபடும்.

அடுத்து, கட்டையை எந்தப் பக்கம் வைப்பது. நீளவாக்கில் பாதியாகப் பிளந்த மரத்துண்டில் கிண்ணத்தின் வாய் பட்டையைப் பார்த்து இருந்தால், உள்ளே அடியில் ஆண்டு வளையங்கள் முட்டை வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக விழும். நல்ல கண், நல்ல தீவு. வாய் மையத்தைப் பார்த்து இருந்து கிண்ணமும் ஆழமில்லாமல் இருந்தால், கோடுகள் நடுவில் நெருங்கி எதிரெதிர்ப் பக்கம் விலகி வளையும். எனக்கு அதில் அடிக்கடி பட்டாம்பூச்சி தெரியும்.

ஆரம்பத்தில் திருகு தகட்டில் (கட்டையைத் திருகாணியால் இறுக்கும் தகடு) மாட்டாமல் லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் பிடித்துக் கடையுங்கள், இதைத்தான் அழுத்திச் சொல்வேன். கொஞ்சம் கடைந்துவிட்டுப் பார்த்தால் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று கோணலாக இருக்கலாம். முனையை ஒரு சில மில்லிமீட்டர் நகர்த்திக் கட்டையைச் சாய்த்தால் போதும், ரேகை நேராகிவிடும், கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தகட்டில் திருகியிருந்தால் இந்த வசதி கிடையாது. நகர்த்திய பிறகு கட்டை ஆடும், வேகத்தைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

சுற்றும்போது ரேகை மங்கல்தான், ஒன்றும் தெரியாது. அதனால் கடைசி ஐந்து மில்லிமீட்டரில் ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்தி, துடைத்து, ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். சலிப்பான வேலைதான், ஆந்தையைத் தொலைத்தவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. உருவம் பிடித்துப்போனால், நினைத்து வைத்த வடிவம் கெட்டாலும் பரவாயில்லை, அங்கேயே நிறுத்துங்கள். உப்புத்தாளும் மரத்தைத் தின்னும் என்பதை மறக்காதீர்கள், அதற்கும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

கோகோபோலோ போன்ற மரங்களின் தூள் தோலில் ஒவ்வாமை கிளப்பும், நல்ல முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் தொடாதீர்கள். கோகோபோலோ சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், வாங்கும்போது ஆவணம் கேளுங்கள்.

மெருகுக்கு எண்ணெய்தான் என் தேர்வு, கருமையை இன்னும் ஆழமாகக் காட்டும். ஆனால் நிறத்தை நம்பி உருவம் பிடிக்காதீர்கள். படாக் மரத்தின் செம்மையும் பர்ப்பிள்ஹார்ட் மரத்தின் ஊதாவும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும், சிவப்பு அலகு என்று நீங்கள் ரசித்தது சில வருடத்தில் காணாமல் போகும். கோடும் கணுவும் அப்படி ஏமாற்றாது. கண் சரியாக விழவில்லை என்று சூட்டுக்கோலால் ஒரு புள்ளி வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, தேடிய சுகமே போய்விடுகிறது.

முடித்ததைப் பிறரிடம் காட்டும்போது "இதோ பார், ஆந்தை" என்று சொல்லிவிடாதீர்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். நான் மலைத்தொடர் என்று நினைத்த ஒரு ஜிரிகோட்டே தட்டைப் பார்த்து ஒரு சிறுமி முதலை என்றாள். இப்போது எனக்கும் முதலைதான் தெரிகிறது, மலை திரும்பி வரவே மாட்டேன் என்கிறது. அதனால் அந்தத் தட்டின் அடியில் கையெழுத்தை இன்னும் போடவில்லை. உருவம் நேராக நிற்கும்போது கையெழுத்தும் நேராக இருக்கிற மாதிரி போடுவது என் வழக்கம், முதலைக்கோ மேல் கீழ் வேறு.