நாலு நாளாக வராத யூகலிப்டஸ் தைலம்

ஆரையம்பதி வளவில் நிற்கும் யூகலிப்டஸில் இரண்டு கிலோ இலை பறித்து, பிரஷர் குக்கரில் தட்டுக்கு மேல் அடுக்கி ஆவியில் வடித்தேன். வாசமான தண்ணிதான் வந்தது, தைலம் ஒரு சொட்டும் இல்லை. இலையைக் கூட்டினேன், நெருப்பைக் கூட்டினேன், ஆவி குளிர்ந்து தண்ணியாகக் குழாய் போகிற வாளிக்குள் ஐஸ் கட்டியும் போட்டேன். நாலு நாள் வீண்.

ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றினால், உள்பக்கம் ஊதிப்போய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நான் மாட்டியிருந்தது றப்பர் குழாய்! தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற வாசனைப் பொருள், அது றப்பரை இளக்கி அதற்குள்ளேயே ஊறிவிடும். ஃபிரிட்ஜ் திருத்துகிற கடையில் செப்புக் குழாய் வாங்கிச் சுருட்டி மாட்டினேன், அரை மணித்தியாலத்தில் தண்ணிக்கு மேல் வெளிர்மஞ்சள் படலம் மிதந்தது. பத்து மில்லி தேறியது. ஜாம் போத்தலில் விடாப்பிடியாக நின்ற விலை ஸ்டிக்கர் பசையையும் அதுவே எடுத்துவிட்டது.