நாட்டைத் தேர்வு செய்யும் முன் பீரோவைத் திறங்கள்

ஜூன் மாதம் பிறந்தால் வங்கிக்கு வந்துவிடுவார்கள். மகன் கையில் ஆஃபர் லெட்டர், அப்பா கையில் மஞ்சள் பை. "வெளிநாட்டுல சீட்டு கெடச்சிடுச்சி சார். செப்டம்பர்ல காலேஜ் தொறக்குறாங்களாம். லோன் மட்டும் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா போதும்." அந்த 'மட்டும்' இருக்கிறதே, கடலூர் மாவட்டக் கிளைகளில் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்த காலமெல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். எந்த நாடு, எந்தக் கோர்ஸ் என்று இரண்டு வருடம் யோசிக்கிற பிள்ளைகள், வீட்டு பீரோவில் என்ன இருக்கிறது என்று இரண்டு நிமிடம் பார்ப்பதில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம். பையனுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. கிடைத்திருந்தது. பையைக் கவிழ்த்துப் பார்த்தால் பட்டா தாத்தா பெயரில். அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன, பாகப்பிரிவினை நடக்கவில்லை. தாய்ப்பத்திரம் 2011 தானே புயலில் கூரை பறந்தபோது நனைந்து, காய்ந்த அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. போதாக்குறைக்குத் தோப்பு விவசாய நிலம். பெரும்பாலான வங்கிகள் கல்விக்கடனுக்கு அதை அடமானமாக எடுப்பதில்லை. சரி, ஊருக்குள் இருக்கும் மாடி வீட்டைக் கொடுக்கிறோம் என்றார்கள். அந்த மனையும் தாத்தா பெயர்தான். அப்பாவோடு சித்தப்பாவும் இரண்டு அத்தைகளும் பங்குதாரர்கள். கல்யாணம் ஆகிப் போன அத்தைக்கு எதற்குக் கையெழுத்து என்று அப்பா கேட்டார். அவருக்கும் சம பங்கு உண்டு, அதனால்தான். ஒரு அத்தை இருந்ததோ மலேசியாவில்.

வாரிசுச் சான்றிதழ், மலேசியாவிலிருந்து அதிகாரப் பத்திரம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வக்கீலின் ஒப்பீனியன், இன்ஜினியரின் மதிப்பீடு. எல்லாம் முடிந்தபோது மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, பல்கலைக்கழகம் சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிக் கொடுத்தது. எல்லாரும் கொடுப்பதில்லை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதம் குடும்பமே போட வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, அடமானம் இல்லாமல் தரும் வங்கிகளும் இருக்கின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டிய நேரம் டிகிரி இரண்டாம் வருடம்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல், வெளிநாட்டவர்களுக்குக் குடும்பப்பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திகேயன் ஆர்', ஆதாரில் 'ஆர் கார்த்திகேயன்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் ராமலிங்கம்'. மூன்றும் ஒரே ஆள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டுப் போனவனைப் பேராசிரியர் 'மிஸ்டர் ராமலிங்கம்' என்று கூப்பிட, அப்பா எப்போது வந்தார் என்று அவன் திரும்பிப் பார்ப்பான். இது வெறும் சிரிப்போடு போகும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்துவதாக இருந்தால் முதலில் அதை முடியுங்கள், பிறகுதான் தேர்வு.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் அதிகம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும், விசாவுக்கு முடக்கக் கணக்கு, அதாவது ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு, காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது வருடத்துக்கு 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். மாதம் 992 யூரோ வீதம் நீங்களே எடுத்துச் செலவழிக்கும் பணம்தான் அது, யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. புறப்படும் முன் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். 2022 நவம்பரிலிருந்து நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். அதற்கும் மாதக்கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கணக்கும் அங்கே தலைகீழ், 1 என்பது முதல் தரம். உங்கள் சி.ஜி.பி.ஏ. பத்துக்கு 7, தேர்ச்சிக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் 7 போக 3, அதைப் பத்தில் 5 போன மீதியான 5-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.8. கோர்ஸ் 2.5 கேட்டால் உங்களுக்கு 7.5 வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போடாமல் எத்தனை பேர் விண்ணப்பக் கட்டணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்! கலைக் கல்லூரியில் மூன்று வருட டிகிரி முடிப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருட டிகிரிதான் கேட்கும்.

புதுச்சேரி நூறடி ரோட்டில் கன்சல்டன்சி பலகைகளுக்குப் பஞ்சமில்லை. 'ஃபீஸ் கிடையாது' என்பார்கள். உங்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தரும் கல்லூரிகளிடமிருந்து அவர்களுக்குப் பணம் வருகிறது, அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆனால் கமிஷன் தராத கல்லூரி அவர்கள் வாயில் வராது. அதை நீங்களே தேட வேண்டும். விண்ணப்பக் கணக்கை அவர்கள் தொடங்க விடாமல், உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்தே விண்ணப்பியுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். 2023-இல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் போலி சேர்க்கைக் கடிதத்தால் மாட்டிக்கொண்டார்கள். ஏஜென்ட் கொடுத்த காகிதத்தை நம்பியதாகத்தான் பலரும் சொன்னார்கள்.

'ஷோ மணி', அதாவது விசாவுக்குக் கணக்கில் காட்ட மட்டும் இரவல் பணம், ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கிலாந்து விசாவுக்குப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் நிற்க வேண்டும். ஏமாற்றினால் பத்தாண்டுத் தடை வரை போகும். நேற்று வந்து நாளை போகும் பத்து லட்சத்தை வங்கிக்காரன் கண்டுபிடிக்கிறானோ இல்லையோ, விசா அதிகாரி கண்டுபிடிப்பார்.

வட்டியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 30 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 25,000. படிக்கும் காலத்திலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுவதும் முடியாவிட்டாலும், பாதியையாவது அவ்வப்போது கட்டி வரும் வீடுகள் பின்னால் மூச்சு விடுகின்றன.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு பிரான்ஸ் பக்கத்து வீடு மாதிரி. பள்ளியில் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்கு தொண்ணூறு வாங்கியிருப்பார்கள். அது மதிப்பெண்ணுக்குப் படித்த பிரெஞ்சு. பிரெஞ்சு வழிப் படிப்புக்குப் பொதுவாக பி2 என்ற மொழித் திறன் நிலை கேட்பார்கள், அதாவது வகுப்பில் ஒருவர் வேகமாகப் பேசினால் புரிந்து திருப்பிப் பேச வேண்டும். புதுச்சேரி சுஃப்ரேன் வீதியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஒரு நாள் போய் உங்கள் நிலை என்னவென்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

கடைசியாக உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள முள்ளோடை எல்லை எதற்குப் பெயர்போனது என்று நான் சொல்ல வேண்டாம், ஆனால் அந்தக் கோடு இதற்கும் கணக்கு. கன்னியக்கோவிலில் வீடு, கடலூரில் கல்லூரி என்றால் நீங்கள் புதுச்சேரிக்காரர். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைத்தான் பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஒரு பக்கமும் ரேஷன் கார்டு மறுபக்கமும் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. எது எங்கே இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.