ஆறு பேர், நடுவில் ஐந்து கிண்ணம்: பெங்களூர் ஆசிய உணவகங்களில் நண்பர்களோடு சாப்பிடுவது எப்படி

கிருஷ்ணகிரியில் சைனீஸ் என்றால் பொழுது சாய்ந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே ஆளுக்கொரு ஃப்ரைட் ரைஸ், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோபி மஞ்சூரியன் என்று சொல்லிப் பழகியவர்கள், பெங்களூரில் ஒரு தாய்லாந்து உணவகத்திலோ கொரிய உணவகத்திலோ போய் உட்கார்ந்தாலும் அதையே செய்கிறார்கள். நாங்களும் முதன்முறை அப்படித்தான் செய்தோம். ஆறு பேரும் ஆளுக்கொரு நூடுல்ஸ் சொன்னோம். ஆறு தட்டும் ஏறக்குறைய ஒரே சுவையில் வந்தன. பாதியை மிச்சம் வைத்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கிப் பரோட்டா தின்றுவிட்டுத்தான் வீடு சேர்ந்தோம். உணவின் மேல் குற்றமில்லை, நாங்கள் சொன்ன விதம்தான் தவறு.

சீனா, தாய்லாந்து, கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொருவர் முன்னாலும் வெறுஞ்சோறு இருக்கும். குழம்பும் வறுவலும் காயும் நடுவில் இருக்கும். ஆகவே மெனு அட்டையைக் கையில் வாங்கியதும் யாருக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஆறு விருந்தாளிகள் வந்தால் என்னென்ன சமைப்போம் என்று யோசிப்பதே சரியான தொடக்கம். தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு ஒன்று, வறுத்த இறைச்சியோ மீனோ ஒன்று, கீரை அல்லது காய் ஒன்று, புளிப்பும் காரமுமாக ஒரு சாலட், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் அளவில் ஒரு நூடுல்ஸ், இவற்றோடு தேவையான வெறுஞ்சோறு என்று சொன்னால் ஆறு பேருக்கு முதல் சுற்றுக்குப் போதும். போதாவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலிலேயே பத்து வகை சொல்லி மேசையை நிரப்புவது பசியில் செய்யும் தவறு. குழம்பைத் தொடும் நேரத்தில் வறுவல் ஆறிப்போயிருக்கும். சோற்றுக்கு ஃப்ரைட் ரைஸ் வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே உப்பும் சாஸும் ஏறிய சோற்றின் மேல் ஒரு குழம்பை ஊற்றுவது, புளியோதரையில் சாம்பார் ஊற்றிப் பிசைவதற்குச் சமம்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். முன்பெல்லாம் பெங்களூருக்குள் நுழையும் இடத்திலுள்ள சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலிலேயே பசி செத்துவிடும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை திறக்கப்பட்ட பிறகு, பேருந்திலிருந்து பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோவில் ஏறிவிடுவதே நிம்மதி. உணவகங்கள் மிகுந்த கோரமங்களா பகுதிக்குப் போகிறவர்கள் சென்ட்ரல் சில்க் போர்டு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பொம்மசந்திராவில் நிற்குமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவைவிட மதியமே எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு உகந்தது. ஆனால் பல உணவகங்கள் பிற்பகலில் சமையலறையை மூடிவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கும் என்பதால், பன்னிரண்டரை மணிக்குள் மேசையில் இருக்கும்படி புறப்பட வேண்டும். ஆறு பேர் என்றால் முன்னதாகவே தொலைபேசியில் அழைத்து இடம் சொல்லிவைப்பதும் தேவை.

மேசையில் அமர்ந்ததும் முதல் வேலை, யார் யார் எதை உண்ணமாட்டார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது. எந்த நட்பு வட்டத்திலும் ஒருவராவது சைவமாக இருப்பார், ஒருவராவது மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தொடாதவராக இருப்பார், ஒருவருக்கு இறால் அல்லது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. இங்கே ‘வெஜ்ஜா?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்பது போதாது. எங்களில் ஒருவர் புரட்டாசி முழுவதும் கவுச்சி தொடமாட்டார். ஒருமுறை ஓர் உணவகத்தில் அவருக்காகவே பப்பாளிக்காய் சாலட் சொன்னோம். காய்தானே என்று நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் பாதி சாப்பிட்ட பிறகு முள்கரண்டியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுருண்டு கிடந்த, சுண்டுவிரல் நகத்தளவு காய்ந்த இறால் அது. பரிமாறியவரைக் கேட்டால், கோழியோ ஆடோ இல்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்வியும் அவர் புரிந்துகொண்ட கேள்வியும் வேறுவேறாக இருந்தன.

எனவே பொருளின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். தாய்லாந்து, வியட்நாம் சமையலில் நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் மீன் சாஸ் ஊற்றுகிறார்கள். பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு என்று எதுவானாலும் அரைத்த மசாலாவிலேயே இறால் விழுது இருப்பது வழக்கம் என்பதால், கறியை எடுத்துவிட்டுக் காய் போட்டால் மட்டும் அது சைவமாகிவிடாது. சீன உணவில் கீரை வதக்கலின் பளபளப்புக்குப் பின்னால் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் இருக்கலாம். காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸும் உண்டு, எது என்று கேளுங்கள். மாப்போ டோஃபு என்ற பெயரைப் பார்த்து, சோயாப் பாலில் செய்யும் பனீர் போன்ற டோஃபுதானே என்று சொல்லிவிட வேண்டாம், முறைப்படி அதில் கொத்திய மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சேரும். கொரியர்களின் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது பரவலான வழக்கம். சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் ஜப்பானிய மிசோ சூப்பின் அடிநீர் பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியும், காயவைத்துப் புகையூட்டிய சூரை மீனின் சீவலும் சேர்த்துக் காய்ச்சியது. தூத்துக்குடிப் பக்கத்தில் உறவுள்ளவர்களுக்கு மாசிக் கருவாடு என்று சொன்னால் உடனே விளங்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வகைச் சரக்குதான். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டால் பரிமாறுபவர் சலித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ‘மீன் சாஸ், இறால், ஆய்ஸ்டர், முட்டை இல்லாமல் எவையெவை செய்து தர முடியும்?’ என்று கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டால், அவரே சமையலறையில் விசாரித்துவந்து நான்கைந்தைக் காட்டிவிடுவார்.

அஜினோமோட்டோ பற்றி யாராவது ஒருவர் கட்டாயம் பேச்செடுப்பார். கொம்புவின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் கண்டறிந்தவர் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர். அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியதுதான் அதன் மேலுள்ள அச்சம். தக்காளியிலும் காளானிலும் அதே குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளட்டும். அதற்காக மேசையில் அரை மணி நேர விவாதம் தேவையில்லை. மஞ்சூரியனைப் பற்றியும் இதே போல ஓர் ஏமாற்றம் வரும். சீனச் சமையலை உள்ளபடியே பரிமாறும் இடத்தில் அது இருக்காது. கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975 வாக்கில் பம்பாயில் அதை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. ஆக, அது நம் நாட்டுச் சரக்கு. அதைத் தேடி 90 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

முதன்முறை போகிறவர்களுக்குத் தாய்லாந்து உணவகத்தையே நான் சொல்வேன், ஏனென்றால் நம் நாக்குக்கு அங்கே தெரிந்த முகங்கள் அதிகம். பாட் தாய் நூடுல்ஸின் புளிப்பு புளியிலிருந்து வருவது. புளிக்குப் பெயர்போன மாவட்டத்துக்காரர்கள் முதல் வாயிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டாம் யம் சூப்பில் மிதக்கும் வட்ட வில்லைகள் இஞ்சியல்ல, பேரரத்தை. அதையும் எலுமிச்சைப்புல் தண்டையும் மென்று தின்ன வேண்டியதில்லை, ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிடலாம். மாங்காய் சாலட் வந்தால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கிளிமூக்கு மாங்காய் எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கடைசியில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய பசையரிசிச் சோறும் கிடைக்கும். மாம்பழப் பருவமல்லாத மாதங்களில் அதைச் சொல்ல வேண்டாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டாம். பச்சைக் குழம்பு பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தாலும் பச்சை மிளகாயில் அரைத்தது என்பதை மறக்காதீர்கள். தாய்லாந்துக்காரர்கள் சோற்றைக் குச்சியால் உண்பதில்லை; வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி, முள்கரண்டியால் தள்ளிக் கரண்டியில் ஏற்றி உண்பதே அவர்கள் முறை. ஆகவே குச்சி பிடிக்கத் தெரியாதவர் அங்கே கூச்சப்படக் காரணமே இல்லை.

கொரிய உணவகத்தில் நீங்கள் சொன்னது வருவதற்கு முன்பே சின்னஞ்சிறு கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி ஊறுகாய் என்று நான்கைந்து தொடுகறிகள் வந்துவிடும். பஞ்சான் எனப்படும் இவற்றுக்குத் தனி விலை இல்லை, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள் என்பது கொரிய வழக்கம். பெங்களூரில் ஒவ்வொரு கடையும் இதில் ஒவ்வொரு மாதிரி என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். மேசையிலேயே சுட்டுத் தரும் இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதைப் பார்த்து வியக்க வேண்டாம். லெட்யூஸ் இலையில் ஒரு துண்டு இறைச்சி, சிறிது சோறு, கொஞ்சம் விழுது வைத்து வெற்றிலை மடிப்பது போல மடித்து, கடிக்காமல் முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். டொக்பொக்கி என்ற காரமான அரிசிப் பிடியைச் சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராகிக் களியை மெல்லாமல் விழுங்கிப் பழகியவர்கள் நாம், அந்தப் பழக்கத்தை இங்கே காட்டக் கூடாது. அது ரப்பர் போல இழுபடும், நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும்.

ஜப்பானிய உணவகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறியிருக்கும், தட்டும் ஆளுக்கொன்றாக வருவது அதிகம் என்பதால் பகிர்ந்துண்ணும் கூட்டத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்த சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அங்கே முறைதான். சோயா சாஸில் சோற்றுப்பக்கத்தைத் தோய்த்தால் சோறு உதிர்ந்து உப்பு ஏறிவிடும், மீன் பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும். தட்டின் ஓரத்தில் பச்சையாக உருட்டி வைத்திருப்பது கொத்தமல்லிச் சட்னி அல்ல, வசாபி என்ற மூக்கில் ஏறும் கார விழுது. எங்களில் ஒருவர் முழு உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் தாரையாக ஓட, தண்ணீரைக் கேட்கக்கூட வாய் வராமல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அரிசிமணி அளவு போதும். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. முன்னது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை, பின்னது எரித்தபின் எலும்பு பொறுக்கும் சடங்கில் செய்வது. வாய்க்கரிசி போடும் நம்மவர்களுக்கு இதன் கனம் எளிதில் புரியும்.

பணம் கொடுப்பதைப் பற்றிச் சாப்பிடுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. நடுவில் வைத்துச் சாப்பிட்டதைச் சமமாகப் பிரிப்பதும், மது அருந்தியவர்கள் அதை மட்டும் தனியாகத் தருவதும், சைவ நண்பருக்கு ஒரு பங்கு குறைத்துக்கொள்வதும் எங்கள் வழக்கம். ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட, மற்றவர்கள் அங்கேயே ஜிபே செய்துவிட வேண்டும். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்பது மறந்துபோகும். மெனுவில் உள்ள விலைக்கு மேல் தனியாக இயங்கும் உணவகங்களில் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். சேவைக் கட்டணம் என்று இன்னொரு தொகை பில்லில் இருந்தால் அது கட்டாயமல்ல. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடும்படி மரியாதையாகச் சொல்லிவிட்டு, நன்றாகப் பரிமாறியவருக்குக் கையில் கொடுப்பதையே நாங்கள் செய்கிறோம்.

மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்வதில் தவறில்லை. குழம்பும் வறுவலும் வீடு வரை தாங்கும். பச்சை மீன் வைத்த சுஷியை மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வெயிலில் பேருந்து நிற்கும் நேரத்திலேயே அது கெட ஆரம்பித்துவிடும்.