கோன் ஃபில்டர் போட்டதும் திணறிய இன்ஜின்

பைக்கில் ஏர்பாக்ஸை (காற்று வடிகட்டி இருக்கும் மூடிய பெட்டி) எடுத்துவிட்டு கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த காற்று வடிகட்டி) மாட்டியதும் பாதி த்ராட்டிலில் திணறல், த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் படபட வெடிப்பு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், ஊசியைப் பிடித்திருக்கும் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினேன். ஊசி உயர்ந்து, பெட்ரோல் கூடி, பாதி த்ராட்டில் சரியானது. முழு த்ராட்டிலுக்கு மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளையுள்ள திருகு) ஒவ்வொரு சைஸாக ஏற்றி, பிளக் வெளிர் பழுப்பாகும்வரை பார்க்க வேண்டும்.

கோன் ஃபில்டர் வாங்கும்முன் கார்புரேட்டர் வாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். ஃபில்டரின் ரப்பர் கழுத்து லூஸாக இருந்தால் கிளாம்ப் எவ்வளவு முறுக்கினாலும் தூசி அந்த இடுக்கில்தான் நுழையும். பிஸ்டன் ரிங் தேயும். பருத்தி ஃபில்டரில் தூசி பிடிக்கப் பூசும் எண்ணெய் சொட்டக் கூடாது, நிறம் பரவினால் போதும். மழையில் தினமும் ஓட்டுபவர் ஏர்பாக்ஸிலேயே கைவைக்காமல், அதற்குள் பொருந்தும் ஃபில்டரை வாங்குவதே மேல்.