பைப்புக்கு எர்த் கொடுக்கலாம், பைப்பிலிருந்து எர்த் எடுக்கக் கூடாது

"அண்ணே, ஷவர் திருகுல கை வெச்சா சுர்ருங்குது" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் கோளாறு பாத்ரூமில் இருக்காது. போன மழைக்காலத்தில் அப்படி ஒரு வீடு. ஷவர் பைப்பில் டெஸ்டரை வைத்தேன், மினுக்கென்று எரிந்தது. கீசரை அணைத்தேன், அப்போதும் எரிந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியதும் அணைந்தது.

ஃப்ரிட்ஜ் பிளக் பாயிண்டின் எர்த் வயரை யாரோ எந்தக் காலத்திலோ ஜன்னலோரம் போகும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர் பைப்பில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பைப் மண்ணுக்குள் போன வரை பிழைப்பு ஓடியது. பிறகு துருப்பிடித்த அடிப்பகுதியைக் கழற்றிவிட்டு பிளம்பர் பிவிசி போட்டுவிட்டார். அன்றே எர்த் அறுந்துவிட்டது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் கசிந்த கரண்ட், மிச்சமிருந்த இரும்புப் பைப்பில் ஏறி பாத்ரூமுக்குப் போய்விட்டது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'பைப் எர்த்' என்ற பேச்சு என்று நினைக்கிறேன். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 3043 சொல்லும் பைப் எர்த் என்பது எர்த்துக்கென்றே தனியாக மண்ணில் இறக்கும் சுமார் 2.5 மீட்டர் குழாய். தண்ணீர் பைப் அதற்குப் பதிலாகாது. தண்ணீர் பைப்புக்கு நாம் செய்ய வேண்டியது பாண்டிங்: வீட்டுக்குள் நுழையும் உலோகப் பைப்பை, மெயின் போர்டின் எர்த் முனையோடு தடித்த செம்பு வயரால் சேர்ப்பது. பைப்பும் ஃப்ரிட்ஜ் பாடியும் ஒரே வோல்டேஜில் இருந்தால், இரண்டையும் சேர்த்துத் தொட்டாலும் உடம்பு வழியாகக் கரண்ட் பாயாது.

சேர்க்கும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். பெயின்ட் மேலேயே கிளாம்ப் மாட்டுவது, வயரை வெறுங்கையால் முறுக்கி விடுவது, அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, அதற்கென்று உள்ள கிளாம்பை இறுக்கி, கண்ணில் படும்படி விட வேண்டும். பிளம்பர் வேலைக்காகக் கழற்றினால் திரும்ப மாட்டினாரா என்று பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

எல்லாம் பிளாஸ்டிக் பைப்பாகிவிட்ட வீட்டில், முனையில் இருக்கும் பித்தளைக் குழாய்க்கு வயர் இழுப்பது வீண் வேலை. அங்கே ஷாக் அடித்தால் சந்தேகப்பட வேண்டியது கீசரின் எலிமெண்டை (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), கீசரின் எர்த்தை. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் வழியாகவே சுர்ரென்று உணரும் அளவுக்குக் கரண்ட் வரலாம்.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் எர்த் முனையை நியூட்ரலோடு சிறு வயரால் இணைத்து "சரியாயிடுச்சு" என்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினின் உலோகப் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். அந்த எர்த் வயர் பைப்போடும் சேர்ந்திருந்தால், குழாய்களுக்கும் அதே கதி.

கேஸ் பைப் பற்றிய எச்சரிக்கை சிலிண்டரும் ரப்பர் ட்யூபும் உள்ள வீட்டுக்கு இல்லை. குழாய் வழி கேஸ் வரும் வீட்டில், உலோகப் பைப்பை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது. இணைப்பில் பொறி பறந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாண்டிங் தேவையென்றால் மீட்டருக்கு வீட்டுப் பக்கம், கேஸ் கம்பெனியைக் கேட்டுவிட்டு, லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும்.

"ஆர்சிசிபி இருக்கே, டெஸ்ட் பட்டனை அமுக்கினா டிரிப் ஆகுதே" என்பார்கள். கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி; 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும்தான். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது டிரிப் ஆகும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே ஆர்சிசிபி விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் விழும்.